பி.டி. அறுபத்திரண்டு

நாற்பத்தொரு பேர் வரைக்கும் இசக்கிசெல்வி ஒழுங்காகத்தான் அளந்தாள். நாற்பத்திரண்டாவது ஆளுக்கு அளக்காமல் ஒரு எண்ணைப் போட்டு, அதற்குக் கீழே மேற்படிக் குறி இட ஆரம்பித்தாள்.

ஒரகடம் பக்கம் செல்போன் உதிரிப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியின் கேன்டீனில் அன்றைக்குக் கண் முகாம். அவள் வேலை பார்க்கும் படப்பைக் கண்ணாடிக் கடைக்குத்தான் அந்த ஆர்டர் கிடைத்திருந்தது. பரிசோதகர் ஒவ்வொருவருக்கும் பவர் சொல்லச் சொல்ல, செல்வி நோட்டில் எழுதிக்கொள்வாள். பிறகு சின்ன அளவுகோல் ஒன்றை எதிரில் இருப்பவரின் மூக்குக்கு மேலே வைத்து, ஒரு கண்மணியின் நடுவிலிருந்து இன்னொரு கண்மணியின் நடு வரைக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துக் கடைசிக் கட்டத்தில் குறிக்க வேண்டும். கடைக்காரர்கள் அதைப் பி.டி. என்பார்கள். அளக்கிற நேரத்தில் எதிராளி ஆடக்கூடாது, சிரிக்கக்கூடாது, செல்வியின் கண்ணையே பார்க்க வேண்டும். ஆனால் வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

டீ நேரம் முடிந்தது. சூப்பர்வைசர் வந்து தலைமேல் நின்றார்.

"இன்னாம்மா, ஸ்கேலு வெச்சி அளந்துகினே கீற? ஜாக்கெட்டா தெக்கப் போற? லைன் நிக்குதும்மா!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். செல்விக்கு முகம் சூடாகிவிட்டது. நாற்பத்திரண்டாவது கட்டத்தில் 62 என்று எழுதினாள். அதற்குக் கீழே இரண்டு சின்னக் கோடு, அதற்குக் கீழே இரண்டு சின்னக் கோடு. நூற்று எண்பத்தாறாவது ஆள் வரைக்கும் அந்தக் கோடுகள் எறும்புச் சாரை மாதிரி இறங்கிப் போயின.

அறுபத்திரண்டு என்பது அவள் கண்டுபிடித்த எண் அல்ல. முகாம் என்றால் அந்தக் கடையில் அப்படித்தான். "கட்டத்த காலியா வுட்டா லென்ஸ் செய்யுற லேப்காரன் திருப்பி அனுப்சுடுவான். அறுபத்திரெண்டு போட்டு வுடு, எல்லாருக்கும் ஒக்காந்துக்கும்" என்று முதலாளி தேவராஜன் முன்பே சொல்லியிருந்தார். பெரும்பாலும் உட்காரவும் செய்தது. அரை, முக்கால், ஒன்று என்று பவர் இருப்பவர்களுக்கு மூன்று மில்லிமீட்டர் அப்படி இப்படி என்றால் தலையே வலிக்காது. அதனால்தான் அந்தப் பழக்கம் இத்தனை வருடம் ஓடியது.

செல்விக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான், பி.எஸ்சி. இயற்பியல். பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குள் வந்த அன்று, "இந்தப் படிப்புக்கு என்ன வேலை தாயி குடுப்பாவ?" என்று தெருவே கேட்டது. அவளும் அதையேதான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரகடத்துக்கு வந்து எட்டு மாதம் ஒரு கம்பெனியில் ஒயர் செருகினாள். பட்டத்துக்கும் ஒயருக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தபடி ஒருநாள் படப்பையில் நடந்தபோது கண்ணாடிக் கடை வாசலில் 'ஆள் தேவை' என்ற அட்டையைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

தேவராஜன் ஒரு லென்ஸை எடுத்துக் கையில் கொடுத்து, "இது ப்ளஸ்ஸா மைனஸ்ஸா, சொல்லு பாக்கலாம்" என்றார். அவள் அதைச் சுவரில் தொங்கிய காலண்டருக்கு நேரே பிடித்து இடமும் வலமும் அசைத்தாள். கையோடு சேர்ந்து எழுத்தும் அதே பக்கம் நகர்ந்தது. "மைனஸ். குழி லென்ஸ்" என்றாள். பரீட்சைத் தாளில் பத்து மார்க்குக்கு வரைந்த குழி லென்ஸை அவள் கையில் பிடித்தது அதுதான் முதல் தடவை. மூன்று வருடம் படித்தது வீணில்லை என்று அன்றைக்கு ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்தில் கண்ணாடிப் பயிற்சி வகுப்புக்கும் போக ஆரம்பித்தாள். லென்ஸின் நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தால்தான் வெளிச்சம் வளையாமல் நேராக வரும். புள்ளியை விட்டு விலகிப் பார்த்தால், எவ்வளவு உசத்தியான லென்ஸாக இருந்தாலும் அது முப்பட்டகக் கண்ணாடி மாதிரி வேலை செய்யும், பார்க்கிற பொருளை இடம் மாற்றிக் காட்டும். எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஒரே ஒரு பெருக்கல்தான். எத்தனை சென்டிமீட்டர் விலகல், எவ்வளவு பவர். இரண்டையும் பெருக்கினால் விடை. இது அவளுக்குத் தெரியும். முகாமுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே தெரியும்.

கண்ணாடிகள் தயாராகிக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்று வாரம் ஒரு புகாரும் வரவில்லை.

நான்காவது வாரம், திங்கட்கிழமை மதியம் ஒன்றரை மணி வாக்கில், சுகப்பிரியா என்று ஒரு பெண் கடைக்கு வந்தாள். கோவில்பட்டிக்காரி. அவளும் அந்தக் கம்பெனிதான். அன்றைக்கு வார விடுமுறை.

"அக்கா, இந்த மூக்குத்தாங்கி ஆடிக்கிட்டே இருக்கு. கொஞ்சம் முடுக்கி விடுங்க."

"முகாம் கண்ணாடியா? தெரியுறதுல ஒண்ணும் கோளாறு இல்லையே?"

"எனக்கு நல்லாத்தான்க்கா தெரியுது. எங்க ரூம்ல பூமாரின்னு ஒருத்தி இருக்கா, அவளுக்குத்தான் இந்தக் கண்ணாடி போட்டதுலேர்ந்து கிறுக்குப் பிடிச்சிட்டு. லாரிக்காரனுக்கெல்லாம் கண்ணடிக்கா."

உள்ளே லென்ஸ் வெட்டுகிற மெஷினில் இருந்த சுபாஷ் எட்டிப் பார்த்தான். "லாரிக்காரனுக்கு மட்டும்தானா? படப்பைல நாங்கள்லாம் மனுஷன் இல்லியா?"

"சும்மா இருங்கண்ணே. நெசமாத்தான் சொல்லுதேன். பஸ்ஸ விட்டு எறங்கி ரோடு தாண்டணும்னா ஒத்தக் கண்ண இறுக்கி மூடிக்கிடுதா. என்னட்டின்னு கேட்டா தூசிங்கா. ரூமுக்குள்ள வந்தா ரெண்டு கண்ணும் தொறந்துதான் கெடக்கு. போன்ல அம்புட்டுப் பொடி எழுத்தையும் படிக்கா. அப்ப அது என்ன தூசி, ரோட்டுல மட்டும்?"

செல்வியின் கையில் திருப்புளி நின்றுவிட்டது.

முகாம் நோட்டை எடுத்தாள். வரிசை எண் நூற்றுப் பதினேழு. பூமாரி. வலது கண் மைனஸ் ஒன்பது, இடது கண் மைனஸ் ஒன்பது. கடைசிக் கட்டத்தில் இரண்டு சின்னக் கோடு.

அந்த முகம் நினைவுக்கு வந்தது. சின்ன முகம், ஒடுக்கமான நெற்றி, மூக்கை ஒட்டினாற்போல் இரண்டு கண்கள். ஐம்பத்து நான்கு இருக்கும், மிஞ்சினால் ஐம்பத்தைந்து. அன்றைக்கு எதிரில் உட்கார்ந்தபோதே கை அளவுகோலை எடுக்கப் பார்த்தது. எடுக்கவில்லை.

நோட்டின் ஓரத்திலேயே பெருக்கினாள். அறுபத்திரண்டுக்கும் ஐம்பத்து நான்குக்கும் நடுவே எட்டு மில்லிமீட்டர், அதாவது புள்ளி எட்டு சென்டிமீட்டர் விலகல், ஒன்பது பவர். ஏழு புள்ளி இரண்டு. அப்படியென்றால் ஒரு மீட்டர் தூரத்தில் ஏழு சென்டிமீட்டர் தள்ளிப்போகிற பொருள், இருபது மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் தள்ளிப்போகும். அதுவும் எந்தத் திசையில்? இரண்டு கண்ணும் வெளிப்பக்கமாக விலகிப் பார்த்தால்தான் ஒன்றாகத் தெரிகிற மாதிரி. மனிதக் கண்ணுக்கு உள்ளே திரும்பத் தெரியும், மூக்கு நுனியைக்கூடப் பார்த்துவிடும். வெளியே விரியத்தான் தெரியாது. காலையில் கொஞ்சம் சமாளிக்கும். எட்டு மணி நேரம் ஷிப்ட் முடிந்து களைத்துப் போனதும் கைவிட்டுவிடும். அதற்குப் பிறகு எதிரில் வருகிற லாரி இரண்டு லாரி. எது லாரி, எது வெறும் தோற்றம் என்று கண்ணுக்கே தெரியாது.

கிட்டத்தில் பார்க்கும்போது கண்கள் எப்படியும் உள்ளே திரும்பித்தான் இருக்கும், அதனால் உறுத்தாது. போன் எழுத்து ஒன்றாகத் தெரியும். லைனில் கையில் பிடித்துப் பார்க்கிற பொடிப் பொடிச் சாமானும் ஒன்றாகவே தெரியும். கண்ணாடி வந்ததும் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கக் கம்பெனி கொடுத்த அட்டையும் கையில் பிடித்துப் படிக்கிற அட்டைதான். தப்பு எங்கேயும் காட்டிக்கொடுக்காது. சாலையில் மட்டும் காத்திருக்கும்.

செல்வி நோட்டைத் தேவராஜன் முன்னால் வைத்தாள்.

"சார், இந்தப் பொண்ணுக்கு மைனஸ் ஒம்பது. பி.டி. அளக்காம விட்டுட்டேன். ரோட்டுல ரெண்டா தெரியுது போல சார்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கம்ப்ளைண்ட்டு வந்துச்சா?"

"வரல சார். ஆனா..."

"வரல இல்ல? அப்பறம் இன்னாத்துக்குக் கெளப்புற? வர மாசம் அவங்க ரெண்டாவது யூனிட்டுல கேம்ப்பு கீது. நாமளே போயி தப்பு பண்ணிட்டோம்னு மணி அடிச்சா, அடுத்த தபா வாசல்லயே நிக்க வெப்பான். அந்தப் பொண்ணு வரட்டும், வந்தா மாத்திக் குடு. நான் இன்னா வேணான்னா சொல்றேன்?"

"அவ வர்றதுக்குள்ள ஏதாச்சும் ஆயிட்டா சார்?"

தேவராஜன் நோட்டை மூடி அவள் பக்கம் தள்ளினார். செல்வி சுகப்பிரியாவிடம் பூமாரியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, அவள் எப்போது, எங்கே பஸ்ஸை விட்டு இறங்குவாள் என்று கேட்டாள்.

"போன் லாக்கர்ல கெடக்கும்க்கா. ரெண்டரைக்கு ஷிப்ட் முடியும். மூணு மணிக்கு பஸ்ஸு ரோட்டுக்கு அந்தப் பக்கம் எறக்கி விடும். ரூம் இந்தப் பக்கம். ஏன்க்கா, அவளுக்கு என்ன?"

செல்வி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஷேர் ஆட்டோவில் எட்டாவது ஆளாக ஏறினாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் இறங்க, ஒருவர் சில்லறைக்குத் துழாவ, ஒருவர் பையை மறந்துவிட்டுத் திரும்பி வர, நேரம் போய்க்கொண்டே இருந்தது. தெரிந்தும் ஏன் எழுதினேன் என்ற கேள்வியை அவளால் நகர்த்த முடியவில்லை. தெரியாதவள் எழுதியிருந்தால் அது தவறு. தெரிந்தவள் எழுதினால் அதற்குப் பெயர் என்ன? ஒரு ஆள் சிரித்தான் என்பதற்காக எழுதினேன். இதற்காகவா அப்பா என்னைப் படிக்க அனுப்பினார்?

இரண்டு முப்பத்தைந்துக்குப் பூமாரியின் நம்பரை அழைத்தாள். மணி போனது. எடுக்கவில்லை. இன்னொரு தடவை அழைத்தாள். மணி போய் ஓய்ந்தது.

இறங்கியபோது மணி இரண்டு ஐம்பத்தெட்டு. வெயில் தார்ச்சாலையில் நெளிந்தது. புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது காற்று ஆளைத் தள்ளியது. சிக்னல் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே நடந்துபோய்த் தாண்டுகிறவர் யாரும் இல்லை. நடுத் திட்டில் செடியை மிதித்து மிதித்து ஒரு வழி உண்டாக்கியிருந்தார்கள்.

எதிர்ப் பக்கம் கம்பெனி பஸ் வந்து நின்றது, கிளம்பியது. அது விலகியதும் ஏழெட்டுப் பெண்கள் தெரிந்தார்கள். கும்பலாகக் கைகாட்டிக்கொண்டு பாதிச் சாலையைத் தாண்டி, திட்டில் ஏறி, மறு பாதியையும் ஓடிக் கடந்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் பின்தங்கினாள். சின்ன முகத்தில் பெரிய கண்ணாடி.

அவள் இடது கண்ணை மூடிக்கொண்டு, வலப்பக்கம் திரும்பிப் பார்த்தபடி முதல் பாதியைக் கடந்தாள். வண்டிகள் அந்தப் பக்கமிருந்துதான் வரும். திட்டில் ஏறி நின்றாள். இனி வண்டிகள் இடப்பக்கமிருந்து வரும். மூடிய கண் அந்தப் பக்கம். அதனால் கண்ணை மாற்ற வேண்டும். இடதைத் திறந்து வலதை மூட வேண்டும். மாற்றுகிற அந்த ஒரு நொடி இரண்டும் திறந்திருந்தன. அவள் தலை வெடுக்கென்று பின்னால் போனது. ஒரு காலை இறக்கினாள், எடுத்தாள். மறுபடி இறக்கினாள்.

"பூமாரி" என்று கத்தச் செல்வி வாயைத் திறந்தாள். கத்தினால் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். இரண்டு கண்ணாலும் பார்ப்பாள். வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல அவளால் முடியாது. ஓடியது தெரியும். வலப்பக்கம் ஏதோ ஒரு ஹாரன் நிறுத்தாமல் அலறியது தெரியும். முதுகுக்குப் பின்னால் சூடான காற்று ஒரு சுவர் மாதிரி கடந்து போனது. அப்புறம் அவள் கை பூமாரியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"யாருக்கா நீங்க? சாகப் பாத்தியள!"

"கண்ணாடிக் கடை. முகாம்ல உன் பவர எழுதுனவ. உனக்கு லாரி ரெண்டா தெரியுதா?"

பூமாரி கையை உதறப் பார்த்தாள். "யாரு சொன்னா? அதெல்லாம் இல்ல. தூசி."

"பொய் சொல்லாத தாயி. எனக்குத் தெரியும்."

செல்வியின் பேச்சில் ஊர் வாசனை அடித்ததாலோ என்னவோ, பூமாரி உடைந்துவிட்டாள். "கம்பெனியில சொல்லிராதியக்கா. கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா அன்ஃபிட்டுன்னு எழுதி அனுப்பிருவாவ. பவர் கூடிக்கிட்டே போயி ஒருநா மொத்தமாப் போயிரும்னு ஊர்ல சொன்னாவ. அதான் வந்திட்டுன்னு நெனச்சேன். மூணு வாரமா யார்ட்டயும் சொல்லல."

"உன் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. கண்ணாடிதான் தப்பு. நான் செஞ்ச தப்பு. அதக் கழட்டிக் குடு."

பூமாரி இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். "கழட்ட மாட்டேன். பழசு உடஞ்சு போச்சு. இது இல்லாட்டி எனக்கு எதுத்தாப்ல நிக்க ஆள் தெரியாது. நாளைக்குக் காலையில ஷிப்ட்டுக்கு எப்படிப் போவேன்?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மைனஸ் ஒன்பதுக்குப் புது லென்ஸ் லேப்பிலிருந்து வர நான்கு நாள் ஆகும். நான்கு நாளும் அவள் இந்தச் சாலையைத் தாண்ட வேண்டும்.

நடுத்திட்டில் நின்றபடியே செல்வி யோசித்தாள். பிறகு, "புது லென்ஸ் வேண்டாம். இதையே இன்னைக்கே சரிபண்ணலாம். நம்புதியா?" என்றாள். கேட்ட பிறகுதான், தன்னை நம்பச் சொல்ல எந்த உரிமையும் தனக்கு இல்லை என்று பட்டது.

பூமாரி வலது கண்ணை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தாள். "கையை விட்டுராதியக்கா" என்றாள்.

நாலேகால் மணிக்குக் கடையில், முதல் முறையாகப் பூமாரியின் மூக்குக்கு மேலே அளவுகோல் ஏறியது. ஐம்பத்து நான்கு. செல்வி மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் ஐம்பத்து நான்கு.

வழி இதுதான். பெரிய ஃப்ரேமில் இருக்கும் லென்ஸைக் கழற்றி, அதையே சின்னப் பிள்ளைகள் போடுகிற சின்ன ஃப்ரேமுக்கு வெட்டுவது. எந்தப் பக்கம் எவ்வளவு வெட்டுவது என்பது வெட்டுகிறவர் கையில். மூக்குப் பக்கம் மூன்று, காதுப் பக்கம் ஐந்து மில்லிமீட்டர் போனால், குறுகிய ஃப்ரேமுக்குள் லென்ஸின் நடுப்புள்ளி கண்மணிக்கு நேரே வந்துவிடும். செல்வி கணக்கைத் தாளில் எழுதிச் சுபாஷிடம் நீட்டினாள்.

"இன்னா கிராஜுவேட்டு, வெளாட்றியா? பக்கம் மாறுச்சின்னா அவ்ளோதான். வெட்டுனத ஒட்ட வெக்க முடியாது."

"தெரியும். அதான் உங்கிட்ட குடுக்கறேன்."

தேவராஜன் எழுந்து வந்தார். திட்டுவார் என்று இருவரும் நின்றார்கள். அவர் தாளை வாங்கி, மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். கீழ் டிராயரைத் திறந்து ஊதா நிறத்தில் ஒரு குழந்தை ஃப்ரேமை எடுத்து வைத்தார். "மூக்கு மேல ஒக்கார்ற பாலம் பதினாறு மில்லி. இது சரியா வரும்" என்றதோடு சரி.

பவரும் நடுப்புள்ளியும் காட்டுகிற லென்ஸோமீட்டரில் லென்ஸை வைத்து, செல்வி நடுப்புள்ளியில் மை குத்தினாள். வலது லென்ஸ், இடது லென்ஸ். மூக்குப் பக்கத்துக்கு ஒரு அம்புக்குறி. கண்ணாடி இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூமாரி, சத்தம் வந்த திசைக்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மெஷினில் சாணைக்கல் சுழல ஆரம்பித்தது. தண்ணீர் தெறித்தது. ஒரு இடத்தில் லென்ஸ் கிரீச்சிட்டபோது சுபாஷ் மெஷினை நிறுத்திவிட்டு, சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினான்.

ஐந்தரைக்குப் பூமாரி ஊதாக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். செல்வி அவளைக் கடை வாசலில் நிறுத்தி, தெருக்கோடியில் திரும்பும் பஸ்ஸைக் காட்டினாள்.

"எத்தனை?"

பூமாரி இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "ஒண்ணு" என்றாள். பிறகு ஒரு ஆட்டோவைப் பார்த்து, "ஒண்ணு". பெட்டிக்கடையில் தொங்கிய பல்பைப் பார்த்து, "ஒண்ணுதான்". சிரிப்பும் அழுகையுமாக வந்தது அவளுக்கு. "ஒண்ணாம் கிளாஸ் பிள்ளை கணக்கா இருக்கேனா இதுல?" என்று கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சூப்பரா கீது. இனிமே கண்ணடிச்சா ரெண்டு கண்ணாலயும் அடி" என்றான் சுபாஷ்.

செல்வி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அப்ப அந்த அக்காவுக்கும் கண்ணு கெட்டுப்போகலதான?" என்று பூமாரி கேட்டாள்.

"எந்த அக்கா?"

"பேக்கிங்ல ஒரு அக்கா. எங்க பஸ்ஸுதான். அவியதான் ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுத் தாண்டுனா சரியாத் தெரியும்னு எனக்குச் சொல்லிக்குடுத்தாவ. அவியளுக்கும் இந்தக் கண்ணாடி போட்டதுலேர்ந்துதான்."

"பேரு என்ன?"

"பேரு தெரியாதே. எல்லாரும் சிவகாசியக்கான்னுதான் கூப்பிடுவாவ. போன வியாழக்கெழமைலேர்ந்து பஸ்ல காணல. ஊருக்குப் போயிருப்பாவன்னு நெனச்சோம்."

சுபாஷ் சிரிப்பை நிறுத்திவிட்டான். தேவராஜன் முகாம் நோட்டைத் தானே எடுத்து வந்து, மேசைமேல் விரித்து, கட்டம் கட்டமாக விரலை இறக்கிக்கொண்டு போனார். விரல் ஒரு பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போனது.

"அந்தம்மாக்கு இன்னா பவருன்னு தெரியுமாம்மா?" அவர் விரலை எடுக்காமலே கேட்டார்.

"பவரு தெரியாது. ஆனா அவிய கண்ணாடி ஓரம் ரொம்பத் தடிமனா இருக்கும்."

மைனஸ் லென்ஸில் பவர் ஏற ஏற ஓரம் தடித்துக்கொண்டே போகும். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"எவ்வளவு தடிமன்?" என்று கேட்டாள் செல்வி.

பூமாரி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் லேசாக விலக்கிக் காட்டினாள். "என்னோடது இம்புட்டு இருந்துச்சா? அவியளோடது..." என்று யோசித்தாள். விரல்களை அகட்டினாள். போதாது என்று தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் அகட்டினாள்.